வெடியுப்புப் பிள்ளையின் பட்டினிப் பாத்தி

போன பூவின், அதாவது போன போகத்தின், கடுகை எடை போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஏரல் கடைவீதியிலிருந்து மார்கழி தோறும் வருகிற மளிகை வியாபாரி, மூட்டையைத் தராசில் ஏற்றச் சொல்லிவிட்டு, சந்தை நிலவரம் சொல்வது போல, "வெடியுப்புப் பிள்ளைவாள் தவறிட்டாவளாம், தெரியுமா அம்மா?" என்றார். திருநெல்வேலியில் தம் வீட்டில், காய்ச்சல் கண்டு, சில நாளிலேயே போய்விட்டாராம். நான் மூட்டையை இறக்கச் சொன்னேன். வியாபாரிக்கு விளங்கவில்லை. "வண்டி காத்துக்கிட்டு நிக்கே அம்மா" என்றார். நிற்கட்டும் என்றேன். என் களத்தில் கடுகு கிடப்பதற்கும், களஞ்சியச் சாவி என் இடுப்பில் இருப்பதற்கும் காரணமான மனிதர் போன செய்தி வந்த நாளில், அந்தக் கடுகை நிறுத்து விற்க எனக்குக் கை வரவில்லை. வியாபாரி மறுநாள் வந்து எடுத்துப் போனார்.

இந்த உழவர் பத்திரிகையைப் படிக்கிற உங்களில் பலருடைய வரப்பில் வெடியுப்புப் பிள்ளை என்கிற ஆவுடையப்ப பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறார். சிலர் அவருக்கு மோர் கொடுத்திருப்பீர்கள். சிலர் அவர் வருகிறார் என்று தெரிந்து வீட்டின் பின்பக்கமாகப் போயிருப்பீர்கள். இரண்டு வகையாரையும் அவர் நினைவில் வைத்திருந்தார். இரண்டாவது வகையாரைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சர்க்கார் விவசாய இலாகாவில், புது முறைகளை வயலில் செய்து காட்டுகிற உத்தியோகம் அவருக்கு. மெலிந்த உடம்பு. நெற்றி நிறையத் திருநீறு. தோளில் ஒரு கித்தான் பை. அதற்குள் துணி சுற்றிய சின்னப் பித்தளைத் தராசு, ஓர் உருண்டை நூல், தமக்கென்று தண்ணீர்ச் செம்பு. எங்கள் ஊர்ப்பக்கம் அவர் முதலில் வந்தபோது, உப்பு விற்க வந்த ஆள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் எதையும் விற்க வரவில்லை. கடுகுப் பயிருக்கு உரம் எவ்வளவு போட்டால் சரியாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள வந்தார். தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு துண்டு நிலம் வேண்டியிருந்தது. கொற்கையிலிருந்து ஏரல் வரை யாரும் கொடுக்கவில்லை.

நான் ஏன் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டுமானால் என் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கணவர் தூத்துக்குடியில் தோணி வைத்துக் கடல் வியாபாரம் செய்தவர். தாமிரபரணிக் கரையில் மேட்டுப் படுகை ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினார். அவர் காலமான பிறகு அதை நானே நின்று பயிரிட்டேன். முதலில் நன்றாக விளைந்தது. பிறகு ஒரு வெள்ளம் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் கடுகு நோஞ்சானாகவே வந்தது. என் கொழுந்தனார் லாசரு கெட்டவர் அல்ல. ஆனால் ஒரு விதவை வரப்பில் நிற்பது குடும்பத்துக்குக் குறைவு என்று அவர் நினைத்தார். ஓர் ஐப்பசி மாதம் வந்து உட்கார்ந்து சொன்னார்:

"மதினி, நீங்க படிச்சவுக. படிப்பு வேற, படுகை வேற. இந்த ஒரு பூ பாருங்க. நல்லா வெளைஞ்சா நான் வாயத் தொறக்கல. வெளையலேன்னா களஞ்சியச் சாவிய என்கிட்ட தந்துட்டு எங்க வீட்டு மாடியில வந்து இருங்க. கடக்காத்து நல்லா வரும்."

கடற்காற்று எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்னொருவர் வீட்டு மாடியில் வீசுகிற காற்று வேறு. சரி என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வாரத்தில்தான் ஆவுடையப்ப பிள்ளை என் வாசலுக்கு வந்தார். நிலம் தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. எங்கே, எப்படிச் செய்வீர்கள் என்று காட்டுங்கள் என்றேன். படுகையின் ஓரத்தில் முளையடித்து, நூலை இழுத்து, நான்கு பாத்திகளுக்குக் கோடு போட்டார். போட்டு முடித்தவர் தூர நின்று பார்த்தார். ஒரு கோடு சற்று விலகியிருந்தது. எங்கள் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அவர் எல்லா முளைகளையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். நான் படித்த கன்னியர் மடத்தில், தையல் ஓரிடத்தில் கோணினால் முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்வார்கள். எத்தனையோ முறை அழுதுகொண்டே பிரித்திருக்கிறேன். யாரும் சொல்லாமலே தன் தையலைப் பிரிக்கிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

உரம் என்று அவர் கொண்டுவந்தது வெடியுப்பு. பட்டாசு மருந்தில் சேர்க்கிற அதே வெள்ளை உப்பு. பயிரின் இலைக்கும் தண்டுக்கும் வேண்டிய ஒரு சத்து அதில் நிறைய இருக்கிறது, அதன் பெயர் நைட்ரஜன் என்று எனக்கு மட்டும் சொன்னார். மற்றவர்களிடம் தழைச்சத்து என்றார். பெயர் எதுவானாலும், வேலைக்கு வந்த பெண்கள் மூட்டையைத் தொட மறுத்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவி மாடத்தி. வேலையில் அவளுக்கு நிகர் கிடையாது, வாயிலும் கிடையாது.

"ஐயா, வயலுக்கு வெடி வைக்கப் போறியளா? பொழுது சாய ஒரு பீடி நெருப்பு விழுந்தாப் போதும். நாங்க கடுகோட கடுகாப் பொரிஞ்சு போவோம்" என்றாள்.

பிள்ளை மூட்டையைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தம் நாக்கில் வைத்துக்கொண்டார். பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"எப்பிடி இருக்கு ஐயா?"

"நாக்குக் குளுகுளுங்குது. ஒறைக்கல."

"வயித்துக்குள்ள போயித் தீவாளி கொண்டாடாதே?"

"கொண்டாடுனா உனக்கும் சத்தம் கேக்கும். மூட்டையத் தூக்கு தாயி."

எல்லோரும் சிரித்தார்கள். மாடத்தி மூட்டையைத் தூக்கினாள். அன்று முதல் அவர் வெடியுப்புப் பிள்ளை. அந்தப் பெயரை அவர் விரும்பினார் என்றே நினைக்கிறேன்.

சோதனை இதுதான். நான்கு பாத்திகளிலும் ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே தண்ணீர். உரம் மட்டும் வேறு வேறு. முதல் பாத்திக்கு உரமே இல்லை. இரண்டாவதற்கு ஒரு பங்கு. மூன்றாவதற்கு இரண்டு பங்கு. நான்காவதற்கு நான்கு பங்கு. இந்த நான்கையும் முன்கூட்டியே விதைத்துவிடுவது. படுகையின் மற்ற நிலத்தைச் சில வாரம் கழித்து விதைப்பது. பாத்திகள் காட்டுகிற வழியைப் பார்த்து, பெரிய நிலத்துக்கு எவ்வளவு போடுவது என்று தீர்மானிப்பது. என் சாவி அந்தத் தீர்மானத்தில் தொங்கியது. அது பிள்ளைக்குத் தெரியும், நான் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "அப்பிடின்னா நான் ரெட்டிப்பு சாக்கிரதையா இருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் ஒரு விஷயத்தை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. உரமில்லாத முதல் பாத்தி வயலின் ஈசான மூலையில் விழுந்திருந்தது. எங்கள் பக்கத்தில் உழவைத் தொடங்குவது அந்த மூலையில். விதைப்பைத் தொடங்குவதும் அங்கேதான். அறுவடையில் முதல் கை அரிந்து மாடத்தி கூட்டத்தார் தங்கள் சாமிக்கு எடுத்துவைப்பதும் அந்த மூலையில்தான். நான் வேதக்காரி, கிறிஸ்தவள்; அந்த வழக்கத்தில் நான் தலையிட்டதும் இல்லை, அதைப் பற்றி நினைத்ததும் இல்லை. பிள்ளை நகரத்துச் சைவர்; அவருக்கு அது நூலுக்கு வசதியான மூலை, அவ்வளவுதான். முதல் பாத்திக்கு ஒன்றுமே கிடையாது என்று அவர் சொன்னபோது பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களே அதற்குப் பட்டினிப் பாத்தி என்று பெயர் வைத்தார்கள்.

தை பிறந்தபோது நான்காம் பாத்தியைப் பார்க்க ஊரே வந்தது. அப்படியொரு கடுகுச் செடியை யாரும் கண்டதில்லை. இலை ஒவ்வொன்றும் முறம்போல் விரிந்து, கறுப்போ என்று சொல்லும்படியான பச்சையில் நின்றது. மூன்றாவது அதைவிடக் குட்டை. ஆனால் முன்னதாகவே மஞ்சள் பூ எடுத்திருந்தது. பிள்ளையின் கவலை இந்த இரண்டையும் பற்றி இல்லை. முதல் பாத்தியும் இரண்டாவதும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் நின்றன. உரமே போடாததும், ஒரு பங்கு போட்டதும், அக்காள் தங்கை மாதிரி.

கொழுந்தனார் தூத்துக்குடியிலிருந்து வில்வண்டியில் வந்து இறங்கினார். பாத்திகளைச் சுற்றி வந்தார். கணக்கில் அவர் கெட்டிக்காரர்.

"பிள்ளைவாள், நீரே பாரும். ஒண்ணும் போடாததும் ஒரு பங்கு போட்டதும் சமம். அப்போ கொஞ்சமாப் போடுததுல பிரயோசனம் இல்ல. போட்டா நாலு பங்கு போடணும், இல்லேன்னா சும்மா கெடக்கணும். அந்த நாலாவது நிக்குத நிலையப் பாத்தீரா? நாளைக்கே முழுப் படுகைக்கும் நாலு பங்கு எறக்குங்க மதினி. துட்டு நான் தாரேன்."

அவர் பேச்சில் ஓட்டை இல்லை. எனக்கே அதுதான் சரி என்று பட்டது. பிள்ளை மட்டும், "நாளைக்கு ஒரு நாள் பொறுங்க அண்ணாச்சி" என்றார்.

மறுநாள் விடிந்ததும் அவர் முதல் பாத்தியின் ஓரத்தில் குந்தியிருப்பதைக் கண்டேன். குடை வரப்பில் கிடந்தது. என்னைப் பக்கத்தில் வரச்சொல்லி, "மேல இருந்து பாக்காதீங்கம்மா, இங்கன தாழ இருந்து பாருங்க" என்றார். அந்த வயதில் நான் வரப்பில் குந்துகிறவள் அல்ல. ஆனாலும் குந்தினேன். பாத்தி முழுவதும் ஒரே பச்சையாக இல்லை. வட்டம் வட்டமாகப் பச்சை. இடையிடையே வெளிறிய செடிகள். குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் பரவுகிற அளவு வட்டம் ஒவ்வொன்றும். செடிகளின் காலடியில் ஆட்டுப் புழுக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

எனக்கு யார் என்று உடனே தெரிந்துவிட்டது. மாடத்தியின் வீட்டில் ஆடு உண்டு. அவள் வேலைக்கு வருகிற வழி அந்த மூலை. அவளை அன்றே அனுப்பிவிடுவது என்று எழுந்தேன். பிள்ளை, "அம்மா, கொஞ்சம் உக்காருங்க. நான் கேக்குதேன்" என்றார். என்னை உட்காரச் சொன்னவர்கள் அநேகம் பேர் இல்லை.

பெண்கள் கஞ்சி குடிக்க வரப்பில் உட்கார்ந்தபோது அவரும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

"மாடத்தி, இந்தப் பட்டினிப் பிள்ளைக்கு யாரோ சோறு போட்டுருக்காவ. நல்ல மனசுக்காரி. யாருன்னு தெரிஞ்சா ஒரு சேதி கேக்கணும்."

மாடத்தி கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள். மறைக்கிற குணம் அவளுக்கு இல்லை.

"நான்தான் ஊத்துனேன். ஆட்டுப் புழுக்கைய ஊற வச்ச தண்ணி. ஐயா, நீங்க படிச்சவிய, ஞாயத்தச் சொல்லுங்க. பந்தில நாலு பேர உக்கார வச்சு, ஒருத்தனுக்கு மட்டும் வெறும் இலையப் போடுவாவளா? அதுவும் ஈசான மூலையில. மொதக் கதிரு சாமிக்கு இங்கனதான் அரியுதோம். சாமி வாயில வைக்கிறதப் பட்டினி போட்டா அம்மா படுக வெளங்குமா? அம்மாவுக்காவத்தான் ஊத்துனேன்."

"எத்தனை குடம் ஊத்துன?"

"யாரு எண்ணுனா? பாவம்னு தோணும்போதெல்லாம் ஊத்துனேன்."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு அல்ல. பிறகு சொன்னதை அங்கிருந்த பெண்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள்: "இரக்கமும் உரந்தான் மாடத்தி. எவ்வளவு போட்டோம்னு தெரிஞ்சாத்தான் அது உதவும்."

அவளுக்கு அவர் அன்று விளக்கியதை நான் நின்று கேட்டேன். ஒன்றும் போடாத பாத்தி ஒன்று பக்கத்தில் இருந்தால்தான், போட்டது என்ன செய்தது என்று தெரியும். நான்கு பேருக்கும் சோறு போட்டுவிட்டால், நிலம் தானாகக் கொடுத்தது எது, உரம் கொடுத்தது எது என்று பிரிக்க முடியாது. அந்தப் பாத்தி பட்டினி கிடப்பது மற்றவர்களுக்காக. மாடத்தி பட்டினிப் பாத்தியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில், "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அதுட்ட மன்னாப்புக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்திருப்பேன்லா" என்றாள். "சொல்லாதது என் தப்பு" என்றார் பிள்ளை. அவர் அதை லேசாகச் சொல்லவில்லை.

கொழுந்தனார் இன்னும் ஊரில்தான் இருந்தார். இந்தச் சேதியை அவரிடம் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று பிள்ளைக்குத் தெரியும். சொல்லாமல் வேறு காரணம் காட்டியிருக்கலாம். நானே, கேட்டுப் பார்ப்போம் என்று, "எப்படிச் சொல்லப் போகிறீர்கள்?" என்றேன். "நடந்தபடிதான்மா. உப்பை மட்டும் நிறுத்துட்டு உண்மைய நிறுக்காம விட்டா என் தராசை ஆத்துலதான் போடணும்" என்றார்.

நடந்தபடியே சொன்னார். நான் நினைத்தபடியே கொழுந்தனார் பேசினார்.

"பாத்தியளா மதினி. உங்க கூலியாளு உங்க வயல்ல என்ன செய்யுதான்னு உங்களுக்குத் தெரியல. நீங்க எப்பிடிக் கட்டி ஆளப் போறிய?"

நான் வாயெடுப்பதற்குள் பிள்ளை சொன்னார்: "அண்ணாச்சி, பயிரு வாடுனா எனக்கென்னன்னு போற ஆளுகளத்தான் நான் ஊரு ஊரா பாக்கேன். இந்த அம்மா வயல்ல கூலிக்கு வந்தவ தன் வீட்டு எருவைச் சொமந்து வந்து ஊத்தியிருக்கா. எந்த வயல்ல இது நடக்கும்? நீங்க சொல்லுங்க."

கொழுந்தனார் தாடியைத் தடவிக்கொண்டார். "சரிவே. பேச்சு நல்லாத்தான் இருக்கு. உப்பு எவ்வளவு?"

இப்போது கணக்கு மாறியிருந்தது. முதல் பாத்தி பட்டினிப் பாத்தி இல்லை என்றால், கொஞ்சமாகப் போட்டால் பிரயோசனம் இல்லை என்ற பேச்சு விழுந்துவிட்டது. ஆனாலும் நான்காவது அங்கே கண்ணைப் பறித்துக்கொண்டு நின்றது. பிள்ளை அதன் தண்டு ஒன்றை ஒடித்து எங்கள் கையில் கொடுத்தார். தண்ணீர் கோத்த வாழைத்தண்டு போல் நசுங்கியது. கொழுந்தின் அடியில் அசுவினி, அந்தப் பச்சைப் பேன், மணல் ஒட்டியதுபோல் மொய்க்கத் தொடங்கியிருந்தது. மூன்றாவதின் தண்டை வளைத்தால் வில்லாக நின்றது. "நாலாவதுக்குத் திங்கத் திங்க இலை விடத்தான் தெரியுது. பூக்கணும்னு அதுக்கு இன்னும் ஞாபகமே வரல. நமக்கு வேண்டியது இலையில்ல, கடுகு. ரெண்டு பங்கு போதும்" என்றார்.

கொழுந்தனார் ஒப்பவில்லை. முடிவு என்னிடம் வந்தது. நான் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். இது உங்கள் நிலமாக இருந்தால் எவ்வளவு போடுவீர்கள்? "என் நிலமா இருந்தா, என்னதான் ஆகுதுன்னு பாக்கணுங்கிற ஆசையில நாலு பங்கு போட்டாலும் போடுவேம்மா. உங்க நிலம். அதனால ரெண்டு" என்றார். நான் இரண்டு போட்டேன்.

பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு பங்கு போட்ட பெரிய நிலம் பூத்தது. நான்காம் பாத்தி கடைசியில் பூத்தபோது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வழியில் போகிறவர்கள் என் பெரிய நிலத்தைப் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாம்லா" என்று அனுதாபத்தோடு சொல்லிவிட்டுப் போனார்கள். மாசியில், யாரும் எதிர்பாராத ஒரு மழை, காற்றோடு வந்தது. விடிந்து போய்ப் பார்த்தேன். நான்காம் பாத்தி பாய் விரித்தது போல் தரையோடு படுத்திருந்தது. நிமிரவே இல்லை. அடியில் ஈரத்தில் இலை அழுக, மேலே மிச்சமிருந்த கொழுந்தை அசுவினி தின்றது. மூன்றாம் பாத்தியும், அதன் பின்னால் என் படுகை முழுவதும், தலையை மட்டும் ஒருபக்கம் சாய்த்து நின்றன. வெயில் ஏறியதும் நிமிர்ந்துகொண்டன.

பிள்ளை சேதி கேட்டு நடந்தே வந்தார். காலெல்லாம் சேறு. படுத்துக் கிடந்த பாத்திக்கு முன்னால் அவர் நின்ற விதத்தை நான் மறக்கமாட்டேன். தாம் சொன்னது பலித்தது என்ற பெருமை அவர் முகத்தில் துளியும் இல்லை. குனிந்து ஒரு செடியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். கையை எடுத்ததும் அது விழுந்தது. "நாந்தானம்மா இதுக்கு ஊட்டி ஊட்டிக் கெடுத்தேன்" என்றார். பிறகு என் வீட்டு வாசலுக்கு வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். பையில் செம்பு இருந்தது. அதில் தண்ணீர் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அத்தனை மாதம் என் வீட்டில் வாய் நனைக்காதவர் அன்று என் வீட்டுக் குவளையில் குடித்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை. இன்று நான் எழுதுவதை அவர் மன்னிப்பார்.

அறுவடையின்போது கொழுந்தனார் வந்து களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பாத்தியும் தனித்தனியாகத் தட்டித் தூற்றப்பட்டது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் அதிகம். நான்காவது இரண்டாவதற்கும் கீழே போய்விட்டது. மணியும் சுருங்கி, பாதி பதர். முதல் பாத்தியின் கடுகை நான் தராசில் வைக்கப் போனபோது பிள்ளை தடுத்தார். "அதை நிறுக்க வேண்டாம்மா. நிறுத்தா ஒரு எண்ணு வரும். எண்ணு வந்தா நம்பத் தோணும்" என்றார். அது முழுவதும் மாடத்தியின் சாமிக்குப் போயிற்று. முதல் கை மட்டும் பெறுகிற சாமிக்கு அந்த ஆண்டு ஒரு பாத்தி முழுவதும் கிடைத்தது. "ஊத்துனதுக்குச் சாமி கூலி குடுத்துட்டாவ" என்று மாடத்தி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

பெரிய நிலத்தின் கடுகு களத்தில் குவிந்தபோது கொழுந்தனார் குவியலில் கையை விட்டு அள்ளினார். விரலிடுக்கில் ஓடவிட்டார். வண்டியில் ஏறும்போதுதான் திரும்பினார்.

"மதினி, சாவிய இடுப்புல நல்லாச் செருகிக்கிடுங்க. கீழ விழுந்திரப் போவுது."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. ஆண்டுதோறும் ஊறுகாய்க்கு என்று என் கடுகு அவர் வீட்டுக்குப் போகிறது. அவர் வீட்டு மாடிக்கு நான் விருந்தாளியாகப் போய்வருகிறேன். காற்று நன்றாகத்தான் இருக்கிறது.

யுத்தம் வந்த பிறகு வெடியுப்பெல்லாம் வெடிக்கே போய்விட்டது; பயிருக்குக் கிடைக்கவில்லை. இலாகாவிலிருந்து அவரை வேறு பக்கம் மாற்றினார்கள். ஆனாலும் சமயம் கிடைத்தபோதெல்லாம் வந்தார். "மாடத்தி உரம்" என்று பேர் வைத்து, ஆட்டுப் புழுக்கையையும் பிண்ணாக்கையும் கடற்கரையிலிருந்து வருகிற மீன் தூளையும் பாத்தி பாத்தியாக அளந்து போட்டுப் பார்த்தார். குடத்தை அளந்து ஊற்ற மாடத்தியையே நியமித்தார். பட்டினிப் பாத்தியை ஈசான மூலையிலிருந்து மாற்றி வேறு மூலைக்குக் கொண்டுபோனார். அதற்கு யாரும் சோறு போடாமல் காவல் காப்பதும் மாடத்திதான். ஆட்டை ஓட்டுவாள், ஆளை ஓட்டுவாள். "ஏளா, அது நமக்காவ விரதம் இருக்கு. கிட்டப் போகாத" என்று சின்னப் பெண்களை அதட்டுவாள்.

அவருக்குக் குறைகள் இல்லை என்று நான் எழுதினால் அவரே ஒப்புக்கொள்ளமாட்டார். பிடிவாதக்காரர். விருந்து வைத்தால் உரத்தைப் பற்றியே பேசிச் சாப்பாட்டை ஆறவிடுவார். பெரிய மனிதர்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் உத்தியோகத்தில் மேலே போகவில்லை. போகாததைப் பற்றி ஒரு வருத்தமும் என்னிடம் சொன்னதில்லை. தம் தராசைப் பற்றித்தான் வருந்துவார், ஒரு தட்டு மற்றதைவிட ஒரு மயிரிழை தாழ்கிறது என்று.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது எது என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். கன்னியர் என்னைக் கண்டிப்பானவளாக வளர்த்தார்கள். அதற்கு இன்றும் நன்றியுள்ளவள். ஆனால் கண்டிப்பு என்பது தவறு செய்தவரை வெளியே அனுப்புவது என்றே நான் நினைத்திருந்தேன். தவறு செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்பதும் கண்டிப்புதான் என்று அவரிடம் பார்த்தேன். அதுதான் என்னிடம் இருக்கிறது. அதோடு, ஆண்டுதோறும் என் படுகையில் ஒரு பாத்தியைச் சும்மா விடுகிற பழக்கமும்.

செய்தி வந்த மறுநாள் காலை, இந்த ஆண்டு விதைத்த பாத்திகளைப் பார்க்கப் போனேன். நாற்று நான்கு இலை விட்டிருந்தது. மாடத்தி பட்டினிப் பாத்தியின் ஓரத்தில் இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் எப்போதும் போல்தான்.

"அம்மா, இந்த ஒரு வருசம், பிள்ளைவாள் பேரச் சொல்லி, இதுக்கு ஒரு கொடம் ஊத்தட்டுமா?"

இத்தனை ஆண்டு அவளே காவல் காத்த பாத்தி.

"ஊற்று. எவ்வளவு ஊற்றினாய் என்று மட்டும் எனக்குச் சொல்."

"ஒரே கொடந்தாம்மா."

நான் வரப்பில் நடந்து வீட்டுக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வெறுங்குடத்தோடு பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

"ஒண்ணரை ஆயிட்டும்மா" என்றாள்.

சரி என்றேன். இந்த ஆண்டு அந்தப் பாத்தியின் கடுகை நாங்கள் நிறுக்கப்போவதில்லை.